கல்லை உடைப்பதும் கல்லைத் தடுப்பதும்

பிரசவ வேதனைக்கு அடுத்தபடியான வேதனை எது என்று வைத்தியர்களைக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் "கல்லடைப்பு வேதனை" என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் அனுபவித்த தாய்மார்களில் சிலர், இதற்கு அதுவே தேவலை என்று சொல்வதும் உண்டு. விலாவுக்குக் கீழே முதுகில் ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, அலை அலையாக வந்து மனிதனைப் புரட்டி எடுத்து விடும். நின்றாலும் சுகமில்லை, படுத்தாலும் சுகமில்லை. இத்தனை பாடு படுத்திய கல் வெளியே வந்த பிறகு அதைக் கண்ணால் பார்த்தால், பச்சரிசி நொய் அளவுகூட இராது!

நமது கொங்கு நாட்டில் இந்த வியாதி அறியாத வீதி இல்லை. மேற்கு மலைத் தொடர் மழையைத் தடுத்துக் கொண்டு, மிச்சத்தை மட்டும் நமக்கு அனுப்பும் வறண்ட சீமை இது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, உடம்பில் வேர்வை அரும்பும்போதே அதை உலர்த்திக் கொண்டு போய்விடும். வேர்வை தெரியாததால் தாகமும் தெரிவதில்லை. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரும், நூற்பாலையில் எட்டு மணி நேரம் நிற்பவரும், கரும்பலகைக்கு முன்னால் தொண்டை வறளக் கத்தும் என் போன்ற உபாத்தியாயர்களும், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று அறியாமலே மாலையில் வீடு திரும்புகிறோம். கல்லின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கற்கண்டுக் கணக்கு

கற்கண்டு செய்வதை நேயர்கள் பார்த்திருக்கலாம். சர்க்கரையைத் திக்கான பாகாகக் காய்ச்சி, அதில் நூலைத் தொங்கவிட்டு, அசையாமல் வைத்து விடுவார்கள். சில நாளில் நூலைச் சுற்றிக் கற்கண்டு பூத்துவிடும். அதற்குப் பாகு திக்காக இருக்க வேண்டும். பற்றிக் கொள்ள ஒரு நூல் வேண்டும். சிறுநீரகத்தில் நடப்பதும் இதே காரியந்தான்.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக் கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவுகளுடன் வெளியேற்றுகின்றன. தண்ணீர் குறையும்போது அந்தக் கழிவுநீர் திக்கான பாகாகி விடுகிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் ஆக்ஸலேட் என்னும் உப்பும் ஒன்று சேர்ந்து படிகமாகின்றன. இன்று காணும் கற்களில் ஏறக்குறைய 100-க்கு 80 சுண்ணாம்புச் சத்துக் கொண்டவையே. மற்றவை யூரிக் அமிலத்தால் ஆனவை, கிருமிகளால் விளைபவை, பிறவிக் கோளாறினால் வருபவை எனப் பல வகை.

சரி, நூல் எங்கே? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ரண சிகிச்சை நிபுணர் அலெக்ஸாண்டர் ராண்டால், இறந்தவர்களுடைய சிறுநீரகங்களை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்து, 1937-ல் இதற்கு விடை சொன்னார். சிறுநீர் சொட்டும் முனைகளில் வெண்மையான சிறு திட்டுகள் இருப்பதையும், அவற்றின்மேல் கல் ஒட்டி வளர்வதையும் அவர் கண்டார். அந்தத் திட்டுகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இயற்கையும் சும்மா இருப்பதில்லை. சிறுநீரில் ஸிட்ரேட் என்னும் பொருளைக் கலந்து, படிகம் சேர விடாமல் தடுக்கிறது. எலுமிச்சம் பழத்துக்குப் புளிப்பைத் தருவதும் அதே இனத்தைச் சேர்ந்த அமிலந்தான்.

அரசன் அனுமதி

இது நாகரிகத்தால் வந்த புது வியாதி என்று நினைக்க வேண்டாம். எகிப்து தேசத்தில் எல் அம்ரா என்னும் இடத்துக் கல்லறையில், ஏறக்குறைய 7,000 வருஷத்துக்கு முந்தியதாகக் கணிக்கப்பட்ட ஓர் உடலில் கல் ஒன்றை 1901-ல் கண்டெடுத்தார்கள். நம் நாட்டுச் சுசுருதர் இதற்கு "அசுமரீ" என்று பெயரிட்டு, அறுத்து எடுக்கும் முறையை விவரமாக எழுதி வைத்தார். ஆனால் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடும்படி அவர் சொல்லவில்லை. மருந்துகள் பலிக்காதபோதே அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் மரணம் நிச்சயம், அறுத்தாலோ பிழைப்பது சந்தேகம். ஆகையால் அரசனிடம் அனுமதி பெற்றுச் செய்க என்பது அவர் கட்டளை. கிரேக்கரின் ஹிப்பாக்ரட்டீஸ் பிரதிக்ஞையோ, கல்லுக்காகக் கத்தி எடுக்க மாட்டேன் என்று வைத்தியரைச் சத்தியமே செய்ய வைத்தது. அத்தனை பயங்கரமான சிகிச்சை அது!

1824-ல் பாரிஸ் நகரத்தில் ஸிவியால் என்னும் வைத்தியர் ஒரு புது வழி கண்டார். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, பையிலிருந்த கல்லைப் பொடியாக்கினார். பிறகு அவர் ஐரோப்பாவெங்கும் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டதில், பழைய முறையில் 100-க்கு 18 பேருக்கு மேல் இறந்தார்கள் என்றும், புது முறையில் 2 பேர் அளவே இறந்தார்கள் என்றும் தெரிய வந்தது. வைத்தியத்தின் நன்மை தீமையை எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு அந்தக் கணக்கு ஒரு நல்ல தொடக்கம்.

தண்ணீர்த் தொட்டியில் ஓர் அற்புதம்

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த வருஷமே கிளாஸ்கோ நகரத்தில் மாகின்டைர் என்பவர் உயிருள்ள மனிதரின் சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிந்த பகைவனை வெல்வது எளிதல்லவா? ஆயினும் அதன் பிறகும் பல காலம், சிறுநீரகக் கல் என்றால் விலாப்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுக்காயமும், பல வாரப் படுக்கையுமாகவே இருந்தது.

கதை மாறியது ஆகாய விமானத்தினால் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமானக் கம்பெனியார், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சேதமடைகிறது என்று ஆராய்ந்தார்கள். துளி மோதும்போது எழும் அதிர்ச்சி அலைகளே காரணம் என்று கண்டார்கள். அந்த அலைகளால் உலோகத்துக்குக் கேடு வருமானால், கல்லுக்கு வராதா? மியூனிக் நகரத்து வைத்தியர்கள் அவர்களுடன் சேர்ந்து பல வருஷம் பாடுபட்டு, 1980-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தார்கள். ஷாஸி என்ற வைத்தியரின் பெயர் இதில் முக்கியமானது. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, வெளியிலிருந்து அலைகளைக் கல்லின்மேல் குவித்தார்கள். நம் தசையும் பெரும்பாலும் தண்ணீரே ஆகையால், அலைகள் அதைக் கடந்து போய்விடும். கடினமான கல்லில் மட்டும் மோதி அதை நொறுக்கும். பொடியான கல் சிறுநீரோடு போய்விடும். கத்தி இல்லை, காயம் இல்லை. பிற்காலத்து யந்திரங்களில் அந்தத் தொட்டியும் வேண்டியிராமல் போயிற்று.

அதற்கு முன்பே, 1976-ல், ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள் முதுகில் சிறு துளையிட்டு, அதன் வழியாகக் கல்லை எடுத்துக் காட்டியிருந்தார்கள். இன்னொரு வழி, சிறுநீர்ப் பாதையிலேயே மெல்லிய குழாயை மேலே செலுத்தி, லேஸர் ஒளியால் கல்லைத் தூளாக்குவது. இந்தக் குழாய் வளைந்து கொடுத்தபடியே உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டுமானால், ஒளியும் அதோடு வளைந்து செல்ல வேண்டும். தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால் உருவத்தை வளைத்து அனுப்பலாம் என்று 1954-ல் லண்டனிலிருந்து எடுத்துக் காட்டிய இருவர் ஹாப்கின்ஸ், நரிந்தர் சிங் கபானி ஆகியோர். கபானி நம் பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்தவர். அதேபோல, சர்தார் வல்லபாய் படேல் பிறந்த நடியாத் நகரத்தில் 1978-ல் தொடங்கிய சிறுநீரக மருத்துவமனையின் மகேஷ் தேசாயும் அவருடன் உழைத்தவர்களும், ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள ஊசித் துளை வழியாகவே கல்லை உடைக்கும் முறையை 2011-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். கல் உடைக்கும் வித்தையில் நாம் மாணாக்கர்களாக மட்டும் இருந்துவிடவில்லை.

இன்று கோயம்புத்தூர் நகரத்திலேயே இந்தச் சிகிச்சைகள் எல்லாம் நடக்கின்றன. எது யாருக்கு என்பது கல்லின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமே இறங்கிவிடும். வலிக்கு மருந்தும் பொறுமையும் போதும். நடுத்தரக் கல்லுக்கு அலையோ லேஸரோ உதவும். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் முதுகுத் துளையே சிறந்தது. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தினாலேயே பல சமயம் கரைத்துவிடலாம். ஆகையால் வெளியே வந்த கல்லைத் தூர எறியாமல், வைத்தியரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

குன்னூர் எலிகள்

இவ்வளவு அற்புதங்கள் இருந்தும் ஒரு குறை. கல் வந்தவருக்கு மறுபடியும் வருகிறது. பத்து வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை மீண்டும் கல்லுடன் வைத்தியரிடம் போகிறார்கள். யந்திரம் கற்கண்டைத்தான் உடைக்கும், பாகை மாற்றாது. பாகை மாற்றுவது அடுப்பங்கரையின் வேலை.

இந்த உண்மையை நமக்கு மிக அருகிலேயே ஒருவர் ஆராய்ந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், 1918-ல், ராபர்ட் மக்காரிஸன் என்னும் ஐரிஷ் வைத்தியர் உணவைப் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். சிக்கனத்தைக் காரணம் காட்டி அரசாங்கம் அதை நடுவில் சில காலம் நிறுத்தியும் வைத்தது. மீண்டும் தொடங்கிய ஆராய்ச்சியில் அவர் எடுத்துக் கொண்ட கேள்விகளில் ஒன்று: வட இந்தியாவில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சிறுநீர்ப்பையில் இவ்வளவு கல் ஏன் வருகிறது?

எலிகளுக்குத் தானிய மாவையே பிரதானமாகக் கொடுத்து, ஏ வைட்டமின் குறைந்த உணவில் வளர்த்தார். அவற்றில் பலவற்றுக்குக் கல் உண்டாயிற்று. அதே மாவுடன் பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது கல் தடுக்கப்பட்டது. 1927 முதல் சில வருஷங்களில் இந்த முடிவுகளை அவர் வெளியிட்டார். பிற்காலத்து ஆராய்ச்சிகளும், தானியத்தை மட்டும் தின்று பாலும் மற்ற சத்துக்களும் காணாத ஏழைக் குழந்தைகளுக்கே சிறுநீர்ப்பைக் கல் வருகிறது என்று உறுதிப்படுத்தின. உணவு சீர்பட்ட தேசங்களில் அந்த வியாதி அநேகமாக மறைந்தே போயிற்று. குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

குழந்தைகளின் பைக்கல்லும் பெரியவர்களின் சிறுநீரகக் கல்லும் ஒன்றல்ல. எலியின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட்டுவிடவும் கூடாது. ஆனால் "கல்லைத் தட்டில் தேடு" என்று குன்னூர் காட்டிய திசை சரியான திசைதான். பெரியவர்கள் விஷயத்தில் அது எப்படி மெய்யாயிற்று என்று பார்ப்போம்.

பாலின்மேல் பழி

எங்கள் பக்கத்துக் குடியானவர் ஒருவர். கட்டுத்தரையில் நான்கு கறவைகள் உண்டு. கல் வந்து படுத்து எழுந்த பிறகு, கறந்த பால் முழுவதையும் சொஸைடிக்கு ஊற்றிவிடுகிறார்.

"ஏனுங்க, வீட்டுக்குக் கொஞ்சம் வைத்துக் கொள்ளக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"பாலு, தயிரு, மோரு எல்லாமே சுண்ணாம்புங்க வாத்தியாரய்யா! எல்லாருஞ் சொல்லிப் போட்டாங்க. பையனுக்கும் பொண்ணுக்குங்கூட நிறுத்திப் போட்டனுங்க. எனக்கு வந்தது அதுகளுக்கும் வந்துரக் கூடாதுங்களே!" என்றார்.

வளரும் குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கிய இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படிச் சொல்லி வந்தார்கள். கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது. ஆகையால் சுண்ணாம்பை நிறுத்து என்பது பார்வைக்குச் சரியான தர்க்கந்தானே?

1993-ல் அமெரிக்காவில் 45,619 ஆடவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. உணவில் சுண்ணாம்புச் சத்தை அதிகம் உட்கொண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு! பின்னர் இத்தாலியில் பார்மா நகரத்து வைத்தியர்கள், அடிக்கடி கல் வந்த 120 ஆடவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பால் முதலியவற்றைக் குறைத்தார்கள். மறு பாதிக்கு அவற்றை வழக்கம் போல் அனுமதித்து, உப்பையும் மாமிசத்தையும் குறைத்தார்கள். 2002-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்து வருஷத்தில் பாலைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பி வந்தது. பாலை விலக்காமல் உப்பையும் மாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

காரணம் எளிது. கீரை, கடலை முதலியவற்றிலுள்ள ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து, மலத்தோடு வெளியே தள்ளுவது உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான். அதை நிறுத்தினால் ஆக்ஸலேட் தங்கு தடையின்றி இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. காவற்காரனைத் திருடன் என்று எண்ணித் துரத்தியது போல ஆயிற்று! சாப்பாட்டோடு ஒரு டம்ளர் மோரும், அளவாகப் பாலும் தயிரும் கல்லுக்குப் பகையே, நமக்கு நட்பு. சுண்ணாம்பு மாத்திரைகள் வேறு விஷயம். அவற்றை வைத்தியர் சொன்னாலன்றிச் சாப்பிடலாகாது.

இந்த விவரத்தையெல்லாம் அந்தக் குடியானவரிடம் சொன்னேன். வைத்தியரையும் ஒரு வார்த்தை கேட்டு வரும்படி சொன்னேன். கேட்டு வந்தார். குழந்தைகளுக்கு இப்போது பால் கிடைக்கிறது.

உண்மையான குற்றவாளிகளில் ஒருவன் உப்பு. உப்பு மிகுந்தால், சிறுநீரில் சுண்ணாம்பும் மிகுதியாகக் கழிகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத்துத் தீனி இவற்றில்தான் கண்ணுக்குத் தெரியாத உப்பு மறைந்திருக்கிறது.

செம்புத் தண்ணீர்

மருந்துகளுக்கெல்லாம் தலையாயது தண்ணீர். இதையும் பார்மா நகரத்தார் எண்ணிப் பார்த்தார்கள். முதன்முதலாகக் கல் வந்த 199 பேரில் ஒரு பாதியினரை, நாளொன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடிக்கச் செய்தார்கள். ஐந்து வருஷத்தில் தண்ணீர் குடித்தவர்களில் 100-க்கு 12 பேருக்கும், மற்றவர்களில் 27 பேருக்கும் கல் திரும்பியது. இது 1996-ல் வந்த கணக்கு. பல்லாண்டாகக் கொடுத்து வரும் ஒரு மருந்தை ஸ்விட்ஸர்லாந்தில் 416 பேரிடம் பரீட்சை செய்து, அது வெறும் மாத்திரையைவிடக் கல்லை மேலாகத் தடுக்கவில்லை என்று 2023-ல் அறிவித்திருக்கிறார்கள். காசில்லாத தண்ணீர் பரீட்சையில் தேறிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் மாத்திரை தேறவில்லை!

எவ்வளவு குடிப்பது? சாதாரணமாக 3 லிட்டர் அளவு. வெயிலில் உழைப்பவருக்கு இன்னும் அதிகம். அளவு பார்க்க யந்திரம் வேண்டாம். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் சரி. மஞ்சள் கறுத்தால் பாகு திக்காகிறது என்று அர்த்தம். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் குடிப்பது நலம். இருதய வியாதியோ சிறுநீரகப் பலவீனமோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவைக் கூட்ட வேண்டும்.

"சிறுவாணித் தண்ணீர் குடித்தால் கல் வராது, ஆழ்குழாய் உப்புத் தண்ணீர்தான் கல்லைத் தருகிறது" என்று நம் ஜில்லாவில் ஒரு பேச்சு உண்டு. சிறுவாணியின் சுவையை யார் மறுப்பார்? ஆனால் தண்ணீரின் கடினம் கல்லைத் தருகிறது என்பதை ஆராய்ச்சிகள் தெளிவாக நிரூபிக்கவில்லை. நல்ல தண்ணீருக்குக் காத்திருந்து தாகத்தோடு இருப்பதைவிட, சுத்தமான எந்தத் தண்ணீரையும் நிறையக் குடிப்பதே மேல்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், பெண் குழந்தைகள் காலையிலிருந்து மாலை வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காரணம், அங்கிருந்த கழிப்பிடத்தின் நிலைமை. தாகத்தை அடக்கப் பழகிய குழந்தை, பெரியவளாகியும் அடக்கிக் கொண்டேதான் இருக்கும். 2019-ல் கேரளத்தில் சில பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்க ஆரம்பித்து, அந்த வழக்கம் வேறு மாநிலங்களுக்கும் பரவியது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணியோடு சுத்தமான கழிப்பிடமும் இருந்தால்தான் குழந்தை டம்ளரைக் கையில் எடுக்கும்.

பூளைப்பூவும் வாழைத்தண்டும்

பொங்கலுக்கு முதல் நாள் நம் வீடுகளில் வேப்பிலை, ஆவாரம்பூவுடன் காப்புக் கட்டும் பூளைப்பூவை அறியாதவர் இல்லை. சித்த வைத்தியர்கள் அதையே சிறுகண்பீளை என்று கல்லடைப்புக்கு வழங்குகிறார்கள். நெருஞ்சிலும் மாவிலங்கப் பட்டையும் அப்படியே. வாழைத்தண்டுச் சாற்றைச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்திருக்கிறார்கள். இவற்றை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் பார்மாவில் தண்ணீரை எண்ணியது போல, மனிதர்களிடம் பல வருஷம் எண்ணிப் பார்த்த கணக்கு இவற்றுக்கும் வர வேண்டும். வாழைத்தண்டுப் பொரியல் நல்ல உணவு; அதை உண்ணுங்கள். எலுமிச்சம் பழச் சாற்றைச் சர்க்கரையும் உப்பும் மிகாமல் கலந்து குடியுங்கள். பெரிய கல்லை மட்டும் சாற்றினால் கரைக்கலாம் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வலி நின்றுவிட்டாலும் கல் அடைத்துக் கொண்டே இருந்து, சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பாழாக்கிவிடக் கூடும்.

வலியோடு குளிர் ஜுரம் கண்டால், சிறுநீர் அறவே நின்றால், வாந்தியால் தண்ணீரும் தங்காவிட்டால், கர்ப்பிணிக்கு வலி வந்தால், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தால், மறுநாள் வரை காத்திருக்கலாகாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைப்போடு கிருமி சேர்ந்துவிட்டால் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

சுசுருதர் காலத்தில் கல்லை எடுக்க அரசனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கல்லைத் தடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குப் போகிறவர் ஒரு தூக்குப் போசி மோரும், ஆலைக்குப் போகிறவர் ஒரு புட்டித் தண்ணீரும், பள்ளிக்கூடம் போகும் குழந்தை தன் பங்கையும் எடுத்துக்கொண்டு போகட்டும். மாலையில் திரும்பி வரும்போது அவை காலியாக இருக்கின்றனவா என்று வீட்டிலுள்ளவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும்.